வாசல் தேடி வரும் நலம்

நுழையும்முன்

காய்ச்சல் வந்தால் உடல் சுடும். காயம் பட்டால் வலிக்கும். உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் அவ்வாறு அறிவித்துவிட்டு வருவதில்லை. ஓசையின்றி வளரும் இந்நோய்களைத் தனிமனிதக் கட்டுப்பாட்டால் மட்டுமே வெல்ல இயலுமா? ஊர் கூடிச் செய்ய வேண்டியவை எவை? இப்பாடம் இவ்வினாக்களை ஆராய்கிறது.

கடைமடையில் ஓர் ஊர்

காவிரிப் படுகையின் கடைமடையில், கிழக்கே வங்கக்கடலும் ஏனைய திசைகளில் தமிழ்நாடும் சூழ அமைந்தது காரைக்கால். 1954இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்ட இப்பகுதி, இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு மாவட்டம். இதன் திருமலைராயன்பட்டினம் கொம்யூனில் உள்ள சிற்றூர் போலகம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடைபெற்று 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் வயதுவந்தோருள் 11.4 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. புதுச்சேரியிலோ அது 26.3 விழுக்காடு, அதாவது, ஏறத்தாழ நால்வருள் ஒருவர். போலகம் போன்ற ஊர்களுக்கு இது தொலைவிலுள்ள புள்ளிவிவரம் அன்று.

நோயும் ஏற்றத்தாழ்வும்

நீரிழிவு செல்வர், வறியர் என்று பார்த்து வருவதில்லை. ஆனால், அதன் விளைவுகள் அனைவர்க்கும் ஒன்றல்ல. மாத ஊதியம் பெறுபவர் விடுப்பெடுத்து மருத்துவரைக் காணலாம். நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் கூலித் தொழிலாளிக்கு, மாத்திரை வாங்கச் செல்லும் நாள் கூலியை இழக்கும் நாள். மருந்து இலவசமே ஆயினும், அதைப் பெறுவதற்கு ஒரு விலை இருக்கிறது. உடலில் வலி ஏதும் இல்லாததால் மாத்திரை நின்றுவிடுகிறது. பின்னர்ப் பக்கவாதமோ சிறுநீரகச் செயலிழப்போ நேரும்போது, குடும்பமே கடனில் ஆழ்கிறது.

தேடிச் சென்ற மருத்துவம்

இவ்விலையைக் குறைக்க முனைந்ததே தமிழ்நாட்டின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் இது தொடங்கப்பட்டது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் சோதிக்கின்றனர். நோயாளர்க்கு உரிய மாத்திரைகளை வழங்குகின்றனர். இயன்முறை மருத்துவமும் வலிதணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. இத்திட்டம் 2024இல் ஐக்கிய நாடுகள் அவை அமைப்புகளின் பணிக்குழு வழங்கும் விருதைப் பெற்றது.

நோய்க்கு எல்லைக்கோடு இல்லை; திட்டங்களுக்கு உண்டு. போலகத்தின் மக்கள்நலப் பணிகள் புதுச்சேரி அரசின் பொறுப்பில் உள்ளவை. ஆயினும், அண்டை மாநிலத்தின் பட்டறிவிலிருந்து கற்றுக்கொள்ள எந்த எல்லையும் தடையன்று.

ஊர் எடுக்கும் முடிவு

பின்லாந்தின் வட கரேலியப் பகுதியில் இதயநோய் மரணங்கள் மிகுந்திருந்தன. 1972இல் அங்குத் தொடங்கிய இயக்கத்தில் மருத்துவர்களோடு இல்லத்தரசியர் சங்கங்களும் உணவு உற்பத்தியாளர்களும் இணைந்தனர். ஊரின் உணவுப் பழக்கமே மாறியது. சில பத்தாண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரணங்கள் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன. கேரளமோ 2008இல் வலிதணிப்புப் பராமரிப்புக் கொள்கையை வகுத்து, படுக்கையில் உள்ளோரை வீடு சென்று பேணும் பணியில் ஊராட்சிகளை ஈடுபடுத்தியது.

தெரியுமா?
ஒருவர் ஒரு நாளில் உண்ணும் உப்பு 5 கிராமுக்கும் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது உலகச் சுகாதார அமைப்பின் பரிந்துரை. இது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவு. ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றில் உள்ள உப்பும் இக்கணக்கில் அடங்கும்.

இத்தகைய முடிவுகளை எடுக்கும் களம் ஊராட்சி. அரசமைப்பின் 73ஆம் திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 துறைகளுள் சுகாதாரத்தையும் சேர்த்துள்ளது. புதுச்சேரியிலோ 1968க்குப்பின் 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அம்மன்றங்களின் காலமும் 2011இல் முடிந்தது. மன்றம் இல்லாத ஊரில் நடைபாதை, குடிநீர், பள்ளி வாயிலில் விற்கும் தின்பண்டம் ஆகியவை குறித்து யார் கேட்பது? மக்களாட்சியும் ஒரு மருந்தே என்பதை இவ்வினா உணர்த்துகிறது.

உணவும் உழைப்பும் அவரவர் பொறுப்பு. அவற்றுக்கேற்ற சூழலை அமைப்பது அனைவர் பொறுப்பு. கடைமடைக்கும் நீர் சேர்ந்தால்தான் பாசனம் நிறைவுறும். கடைசி வீட்டுக்கும் மருந்து சேர்ந்தால்தான் நலவாழ்வு நிறைவுறும்.

கற்பவை கற்றபின்

1. 'மருந்து இலவசமே ஆயினும், அதைப் பெறுவதற்கு ஒரு விலை இருக்கிறது' – இக்கூற்றை உம் ஊர்ச் சூழலோடு பொருத்தி விளக்குக.
2. உம் பள்ளியைச் சுற்றி விற்கப்படும் தின்பண்டங்களைப் பட்டியலிட்டு, மாற்று உணவுகளைப் பரிந்துரைத்து ஊராட்சிக்கு விண்ணப்பம் எழுதுக.