மின்சாரம் நின்றால் தொலைபேசி பேசுமா?

மாணவர்களே! பழைய கம்பித் தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை. தொலைபேசி நிலையத்திலுள்ள மின்கல அடுக்கு, செம்புக் கம்பி வழியே சுமார் 48 வோல்ட் மின்னழுத்தத்தை அளித்தது. ஆகவே ஊர் இருண்டபோதும் தொலைபேசி ஒலித்தது.

அதே தொலைபேசியை இன்று கம்பியில்லா இணையப் பெட்டியில் இணைக்கலாம். வெளியிலிருந்து வரும் பழைய கம்பியை முதலில் துண்டித்துவிட வேண்டும். இல்லையேல் அதன் மின்னழுத்தம் பெட்டியைப் பழுதாக்கலாம். வழக்கமான ஒரு முறையில், பெட்டி நம் குரலலையை நொடிக்கு 8,000 முறை அளக்கிறது. ஓர் அளவுக்கு 8 பிட். ஆக நொடிக்கு 64,000 பிட். இவை சிறு பொட்டலங்களாகி, வானலை வழியே செல்பேசிக் கோபுரத்தை அடைகின்றன.

ஆனால் பெட்டி இயங்குவது வீட்டு மின்சாரத்தில்! பட்டாசு ஆலைகள் நிறைந்த சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் இதை மறக்கலாகாது. தீயணைப்பு நிலையத்தை 101 எண்ணில் அழைக்கும் நேரத்தில் மின்சாரம் இல்லையெனில், இத்தொலைபேசி ஊமையே.

வழி என்ன? பெட்டிக்கு 12 வோல்ட், 1 ஆம்பியர் தேவை எனக் கொள்வோம். திறன் 12 வாட். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலத்தின் ஆற்றல் 84 வாட்-மணி. 84-ஐ 12-ஆல் வகுத்தால் 7 மணி நேரம். நடைமுறையில் சற்றுக் குறையும்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் பொறித்துள்ள எண்களைக் கொண்டு நீங்களும் கணக்கிட்டுப் பாருங்கள்.