தாயில்பட்டியிலிருந்து கார்ட்டூன் வரையக் கிளம்பும் பிள்ளைகளுக்கு

பிளஸ் டூ முடித்த கையோடு “அனிமேஷன் படிக்கப் போறேன் தாத்தா” என்று வந்து நிற்கிற தம்பிகளும் பாப்பாக்களும் இப்போது கூடிவிட்டார்கள். ஆளுக்கு ஒருமுறை பேசித் தொண்டை வற்றுவதைவிட எழுதிக் கொடுத்துவிடுவது எனக்கு லாபம்.

1. ராம் மோகன் யாரென்று தெரிந்துகொண்டு கிளம்பு. மதராஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். பம்பாய்க்குப் போனவர் 1956இல் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்துவிட்டார். டிஸ்னியில் ‘பாம்பி’ படத்தில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ்தான் அங்கே வாத்தியார். பிறகு சத்யஜித் ராயின் ‘சத்ரஞ்ச் கே கிலாடி’க்கு அனிமேஷன் செய்தார், ஜப்பானியர்களோடு சேர்ந்து ராமாயணத்தை 1992இல் படமாக்கினார், 2014இல் பத்மஸ்ரீ வாங்கினார். ஆனால் “படம் போட்டு என்னத்தைச் சம்பாதிக்கப் போறே” என்று வீட்டில் கேட்டால் பத்மஸ்ரீயைச் சொல்லாதே. 1972இல் சொந்த ஸ்டுடியோ தொடங்கி, விளம்பரப் படங்கள் செய்தே அதை நடத்தினார் என்று சொல். அப்பாமாருக்குப் புரிகிற கணக்கு அதுதான்.

2. பார்க்கிற பிள்ளை யாரென்று தெரியாமல் பென்சிலைத் தொடாதே. இதற்கும் ராம் மோகனிடமே போகலாம். 1990களில் யுனிசெஃபுக்காக அவர் உருவம் கொடுத்த பெண் குழந்தை மீனா. வங்கதேசம், இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் என்று நான்கு நாட்டுக்கும் ஒரே குழந்தை. எந்த ஊர் ஆத்தாளும் “இது நம்ம வீட்டுப் பிள்ளை இல்லையே” என்று சொல்லிவிடக் கூடாது. அதற்காகவே பெயரிலிருந்து பாவாடை வரை கிராமங்களில் படத்தைக் காட்டிக் கேட்டு முடிவு செய்தார்கள். கதையையும் கவனி. மீனாவைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள். அவளுடைய கிளி மிட்டு பள்ளிக்கூட ஜன்னலில் உட்கார்ந்து கேட்டு வந்து அவளுக்கு எண்ணச் சொல்லிக்கொடுக்கும். அந்த எண்ணிக்கையை வைத்தே வீட்டுக் கோழி ஒன்று குறைவதைக் கண்டுபிடிப்பாள். பெண்கல்வி பற்றி ஒரு வரி பிரசங்கம் கிடையாது, கோழிதான் பேசுகிறது.

3. நம் நாட்டு டிவியில் ஒரு வினாடிக்கு 25 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் வினாடிக்குப் பன்னிரண்டு படம் வேண்டும். பதினொரு நிமிட எபிசோடுக்குக் கிட்டத்தட்ட எட்டாயிரம். கம்ப்யூட்டரில் கை, கால், தலையைத் தனித்தனியாக வைத்துப் பூட்டி ஆட்டுவதால் இன்று அத்தனையும் வரைய வேண்டாம். ஆனால் எங்கே நிறுத்துவது என்பதை எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லாது. திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடிவந்து திரும்பிப் பார்க்கிறோமே, அந்த இடைவெளிதான் டைமிங். ஓடுகிறவன் ஓடுவதற்கு முன் ஒரு நொடி பின்னால் சாய வேண்டும். அந்தச் சாய்வு இல்லாவிட்டால் பிள்ளை சிரிக்காது.

4. இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்வது. கார்ட்டூனில் வெடி என்றால் உலகம் முழுக்க ஒரே மாதிரி: டமால், முகமெல்லாம் கரி, கண் மட்டும் முழிக்கும், அடுத்த ஷாட்டில் ஆள் பழையபடி ஓடுவான். அமெரிக்கப் பூனை எலியிலிருந்து வந்த வழக்கம். நானும் ரசித்திருக்கிறேன். ஆனால் காலையில் அம்மா வெடி ஆபீஸ் வண்டியில் ஏறிப் போவதைப் பார்க்கிற பிள்ளை வேம்பக்கோட்டைப் பக்கம் எத்தனை வீட்டில் இருக்கிறது? 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்ததற்குப் பிறகு சத்தம் கேட்டால் முதலில் எந்தத் திசை என்று பார்க்கிற பிள்ளைகள் அவை. அந்தப் பிள்ளைக்குக் கரி முகம் ஜோக் இல்லை. வெடியே வரையாதே என்று சொல்லவில்லை. சங்குசக்கரம் சுற்றுவதையும், புஸ்வாணம் எழும்பி அமர்வதையும், மருந்து உலர்த்துகிறவர் வானத்தில் மேகத்தைப் பார்க்கும் பார்வையையும் உன்னைவிட நன்றாக வரைய மும்பையில் ஆள் கிடையாது. எரிந்தவன் அடுத்த ஷாட்டில் எழுந்து ஓடுவதை வேறு ஊர்க்காரன் வரையட்டும்.

5. சிவகாசிப் பக்கம் இருந்துகொண்டு காமிக்ஸ் படிக்காமல் வளர்ந்தால் அது பாவம். முத்து காமிக்ஸ் 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு கிளம்பியது இங்கிருந்துதான், 1984இல் லயன் வந்தது. கட்டம் கட்டமாகக் கதை நகர்த்தத் தெரிந்தவனுக்கு ஸ்டோரிபோர்டு பாதி வந்துவிட்டது. 2012இல் டிவிக்கு வந்த ‘மோட்டு பட்லு’வும் ‘லோட்போட்’ என்ற இந்திப் பத்திரிகையின் சித்திரக்கதைதானே.

6. கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ், பிளெண்டர் மூன்றும் இலவசம். இதில் ஆறு மாதம் உட்கார முடியாதவன் லட்சக்கணக்கில் கட்டி எந்த இன்ஸ்டிட்யூட்டிலும் சேர வேண்டாம். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்.ஐ.டி.), சென்னை தரமணி அரசு திரைப்படக் கல்லூரி இரண்டின் நுழைவுத் தேர்வையும் முதலில் எழுதிப் பார்.

7. பேச்சு கரிசல் பேச்சாக இருக்கட்டும். 2007இல் சுட்டி டிவி வந்தபோது ஜாக்கி சானும் டோராவும் தமிழ் பேசியதால்தானே நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்தார்கள்? மேடைத் தமிழ் பேசும் முயலை எந்தப் பிள்ளையும் நம்பாது.

8. கையெழுத்துப் போடும் முன் வாசி. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சம்பளத்துக்கு இருந்து வேலையின் பகுதியாக வரைந்த உருவம் முதலாளிக்குத்தான் சொந்தம். பின்னாளில் அது பென்சில் டப்பாவில் வந்தாலும் பட்டாசுப் பெட்டியில் வந்தாலும் உனக்குக் காசு வராது. ராஜீவ் சிலகா 2001இல் ஹைதராபாத்தில் சொந்த நிறுவனம் தொடங்கியிருந்தார், அதிலிருந்துதான் 2008இல் ‘சோட்டா பீம்’ வந்தது. அந்த வரிசையைக் கவனி. உன் மனதுக்கு நெருக்கமான உருவம் ஒன்றை வேலையில் சேருமுன்பே வரைந்து, தேதி போட்டு, பதிவும் செய்து வைத்துக்கொள்.

9. வேலை கேட்டுப் போகும்போது காட்டுகிற மாதிரிப் படம், அதாவது ஷோரீல், ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நல்லதை முதலில் வை. பார்க்கிறவர் பத்து வினாடியில் டீ குடிக்கப் போய்விடுவார். பாட்டு போட்டு மறைக்காதே. நடை ஒன்று, கனம் தூக்குவது ஒன்று, வாய் திறக்காமல் பொய் சொல்லும் பிள்ளை ஒன்று இருந்தால் போதும். பெயரும் செல் நம்பரும் முதல் ஃபிரேமிலும் கடைசி ஃபிரேமிலும் இருக்கட்டும்.