கேஜ் வீலும் கிரைண்டர் டிஸ்க்கும்

ஜூன் 12, மேட்டூர் அணை திறப்புக்கு வழக்கமான நாள். குறுவைக்குச் சேறடிக்க டிராக்டரில் மாட்டுற கேஜ் வீலில் ஒரு பட்டை உடைஞ்சிருக்குன்னு வைங்க. கையில் 4 இன்ச் ஆங்கிள் கிரைண்டர். எந்த டிஸ்க் எடுப்பீங்க?

உடைஞ்ச பட்டையை வெட்டி எடுக்க 1 அல்லது 1.2 மி.மீ. கட்டிங் டிஸ்க். மெல்லிசா இருக்கிறதால வேகமா வெட்டும், சூடும் குறைவு. ஆனா அதைப் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்கவே கூடாது, உடைஞ்சு சிதறும். வெல்டிங் மேட்டை இறக்க 6 மி.மீ. கிரைண்டிங் டிஸ்க். பெயின்ட்டுக்கு முன்னாடி வழவழப்பாக்க ஃபிளாப் டிஸ்க்: 40 கிரிட் சொரசொரப்பு, 80 நைசு.

இரும்புக்கு அலுமினியம் ஆக்சைடு, லேபிளில் ‘ஏ’. கல்லுக்கு சிலிக்கான் கார்பைடு, ‘சி’. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு ‘ஐநாக்ஸ்’ போட்டது தனியா இருக்கணும். இரும்பில் ஓடின டிஸ்க்கை அதில் வைத்தால் இரும்புத்துகள் ஒட்டி, அந்த இடம் துருப்பிடிக்கும்.

இப்போ முக்கியமான கணக்கு. கார்டைக் கழற்றிட்டு 7 இன்ச் டிஸ்க் மாட்டினா? 180 மி.மீ. டிஸ்க் 11,000 ஆர்.பி.எம்.மில் சுற்றினா விளிம்பு வேகம் நொடிக்குச் சுமார் 104 மீட்டர். அது தாங்கும் எல்லை 80 மீட்டர். அதனாலதான் லேபிளில் 8,500 ஆர்.பி.எம். இழுவிசை வேகத்தின் வர்க்கமா ஏறும். வேகம் 1.3 மடங்குன்னா விசை 1.7 மடங்கு. துண்டு பறக்கிற பாதையில் உங்க முகம்.

அதனால மாட்டும் முன் ஆர்.பி.எம்., காலாவதித் தேதி, விரிசல் மூணையும் பாருங்க. கண்ணாடி போடுங்க. புது டிஸ்க்கை அரை நிமிஷம் சும்மா ஓட விட்டு, விலகி நில்லுங்க. அப்புறம் வேலை.