வயல் வழியே செல்லும் இணைய இழை

இங்கிலாந்து தேசத்தின் வடமேற்கில், லங்காஷயர் ஜில்லாவில், லூன் என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கு உள்ளது. ஆடு வளர்ப்பும் பால் மாடும் அங்குள்ள குடியானவர்களின் ஜீவனம். வீடுகள் தெருவாக நெருங்கியிராமல், மேய்ச்சல் நிலங்களின் நடுவே ஒன்றுக்கொன்று எட்டத்தில் தனித்தனியே நிற்பவை. இத்தகைய இடங்களுக்குப் பிராட்பேண்ட் இணையம் எளிதில் வருவதில்லை. பழைய டெலிபோன் செப்புக்கம்பியில் செல்லும் இணையமானது, எக்சேஞ்சிலிருந்து தூரம் கூடக்கூட வேகம் குன்றும். மூன்று நான்கு மைலுக்கு அப்பால் பெயரளவில்தான் இருக்கும். புதிதாகக் கண்ணாடி இழை போடுவதற்கோ, மைலுக்கு எத்தனை வீடு என்று கணக்கிடும் கம்பெனிகளுக்கு மனம் வருவதில்லை.

இணையம் நகரத்தாரின் பொழுதுபோக்கு என்று எண்ணியிருப்பவர் இன்னும் சிலர் உண்டு. அந்நாட்டு மாட்டுக்காரர்கள் அவ்வாறு எண்ண இயலாது. கன்று பிறந்தால் காதில் அடையாள வில்லை பூட்டி, 27 நாட்களுக்குள் அதற்குரிய பதிவுச் சீட்டுக்கு மனுச் செய்தாக வேண்டும். தவறினால் அந்தக் கன்றை உணவுக்காக விற்க வழியில்லாமற் போகும். 2015-ஆம் ஆண்டில் விவசாய மானிய மனுக்களையும் இணையத்தின் மூலமே அனுப்ப வேண்டும் என்று அரசாங்கம் விதித்தது. அவ்வாண்டு அரசாங்கத்தின் இணைய ஏற்பாடே சரியாக இயங்காமல், மீண்டும் காகித மனுக்களை வாங்க நேர்ந்தது வேறு விஷயம். எப்படியாயினும், தக்க இணைப்பு இல்லாத பண்ணைக்கு நஷ்டம் நேர்வது நிச்சயம்.

லூன் பள்ளத்தாக்கினர் 2011-ஆம் ஆண்டில் ‘பிராட்பேண்ட் ஃபார் தி ரூரல் நார்த்’ என்னும் சங்கத்தை ஏற்படுத்திக்கொண்டனர். லங்காஸ்டர் சர்வகலாசாலையில் கணினி வலையமைப்புத் துறையில் பணியாற்றிய பாரி ஃபோர்டு என்பவரும், குடியானவர் குடும்பத்தைச் சேர்ந்த கிறிஸ் காண்டர் என்னும் அம்மையாரும் இதில் முன்நின்றவர்கள். நம் ஊராட்சி போன்ற எட்டுப் பாரிஷ்களில் வேலையைத் தொடங்குவது என்பது முதல் ஏற்பாடு. இவர்கள் கண்டுகொண்ட உண்மை ஒன்றே: செலவு இழையில் இல்லை, அதைப் புதைக்கும் பள்ளத்தில் உள்ளது. தார்ச்சாலையை வெட்டி மூடுவதற்கு ஆகும் செலவில் மிகச் சிறு பகுதியே மேய்ச்சல் நிலத்தில் பள்ளம் தோண்டுவதற்கு ஆகும். அந்த நிலமும், தோண்டும் யந்திரமும், தோண்டத் தெரிந்த கைகளும் குடியானவர்களிடமே இருந்தன.

ஆகவே நிலச்சொந்தக்காரர்கள் தங்கள் நிலத்தின் வழியே இழை செல்ல வாடகையின்றி அனுமதி கொடுத்தனர். பணமுள்ளோர் பங்கு வாங்கினர். பள்ளம் தோண்டியோரின் உழைப்பும் பங்காக வரவு வைக்கப்பட்டது. பங்கு எத்தனை இருப்பினும் அங்கத்தினர் ஒருவருக்கு ஒரே வாக்குத்தான். பாரிஷில் அருகில் உள்ள வீட்டுக்கும் கோடியில் உள்ள வீட்டுக்கும் கட்டணம் ஒன்றே என்பதையும் விதியாக வைத்தனர். இந்த விதி இல்லாவிடில், எட்டத்தில் இருப்பவர் பிறர் வீட்டுக்காகத் தம் நிலத்தைத் திறந்துவிட ஒப்புவாரா என்பது சந்தேகமே.

வேலை 2012-இல் குவெர்ன்மோர் என்னும் பாரிஷில் தொடங்கியது. முதலில் வெறும் பிளாஸ்டிக் குழாயை மட்டும் புதைத்தார்கள். சில இடங்களில் யந்திரத்தால் பள்ளம் தோண்டினர். சில இடங்களில், வயலில் நீர் வடிவதற்காகப் பூமிக்கடியில் வளை போடும் ஒருவகைக் கலப்பையைக் கொண்டே குழாயை இழுத்து இறக்கினர். குழாயைக் கூரிய கோணத்தில் மடக்காமல், அகன்ற வளைவாகவே திருப்ப வேண்டும். மண்ணும் நீரும் புகாதபடி அதன் முனைகளை அடைத்து வைக்க வேண்டும். பின்னர் அழுத்தமான காற்றின் உதவியால் மெல்லிய இழையைக் குழாயினுள் ஊதிச் செலுத்துவார்கள். நடுவில் ஓரிடம் நசுங்கியிருந்தாலும் இழை அங்கேயே நின்றுவிடும். ஆதலால் மூடுவதற்கு முன்பே பார்த்துக்கொள்வது நலம்.

இவற்றைவிடக் கடினமானது சம்மதம் பெறுதலே. பத்துப் பேர் நிலத்தைக் கடக்க வேண்டிய வழியில் ஒருவர் மறுத்துவிட்டால், இழை சுற்றிச் செல்ல வேண்டும். சில சமயம் சாலையையே வெட்ட நேரும். ஒருவருடைய மறுப்பின் செலவு ஊரார் அனைவர் தலையிலும் விழும். மறுப்பவரைக் குறை கூறுவதில் பயனில்லை. வடிகால் கெடுமோ, மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்துவிடுமோ என்ற அவர் அச்சம் நியாயமானதே. எவ்வழியாக, எவ்வளவு ஆழத்தில் போடுவது, பழுது பார்க்க வருவோர் எப்படி நுழைவது என்பதை எழுத்தில் வைத்துக்கொள்வதே அதற்கு மருந்து.

அவ்வூர்களில் இணையம் நொடிக்கு 1,000 மெகாபிட் வேகத்தில், வாங்குவதற்கும் அனுப்புவதற்கும் ஒரே அளவாகக் கிடைத்தது. தொடக்கத்தில் மாதக் கட்டணம் 30 பவுண்டு. ஆரம்பப் பாடசாலைகளுக்கும் வழிபாட்டு இடங்களுக்கும் இலவசம். இன்று 10,000 வீடுகளுக்கு மேல் இச்சங்கத்தின் இணைப்பைப் பெற்றுள்ளன. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆகையால் இடி மின்னல் அதன் வழியே வீட்டினுள் வரும் என்ற பயமும் இல்லை.

நம் தேசத்தில், கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் திட்டத்தை மத்திய அரசாங்கம் 2011-இல் அங்கீகரித்தது. பின்னர் அது பாரத்நெட் என்று பெயர் பெற்றது. இத்திட்டத்தின் இழை ஊராட்சி அலுவலகத்தை எட்டுவதோடு வேலை தீராது. அங்கிருந்து பள்ளி, சங்கம், வீடு, பண்ணை வரை செல்ல வேண்டிய துண்டு தூரமே ஊராருடைய காரியம். அதற்கு லூன் குடியானவர்களின் முறையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நம் வரப்புகளைப் போகந்தோறும் மண்வெட்டியால் செதுக்குகிறோம். வயல் எலிகள் வளை தோண்டுவதும் அங்கேதான். எனவே நிலம் வீணாகாது என்று எண்ணி வரப்பினுள் குழாய் புதைப்பது தவறு. வண்டிப்பாதை ஓரமே தக்க இடம். உளிக்கலப்பை ஒன்றரை அடி வரை இறங்குமாதலால், உழும் நிலத்தைக் கடக்குமிடத்தில் குழாய் மூன்றடி ஆழத்தில் இருத்தல் நலம். கரிசலில் கோடை வெடிப்பு ஆழமாகப் பிளக்கும். அங்கே குழாயை விறைப்பாக இழுத்துப் போடாமல் சற்றுத் தளர்வாகப் போட வேண்டும்.

குழாய் சென்ற வழியைச் சர்வே எண்ணுடன் புலப்படத்தில் குறித்து, அதன் பிரதியைக் கிராம நிர்வாக அலுவலர் வைத்துக்கொள்ளலாம். கிணறு வெட்டுவோரும் குழாய்க்கிணறு இறக்குவோரும் யந்திரத்தைக் கொண்டுவருவதற்கு முதல் நாளே அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.