மடக்குக் கத்தியும் அதன் பூட்டும்

வேளாண்மைப் பணியில் கத்தி இன்றியமையாத கருவி. திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963இல் நிறுவப்பெற்ற மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் மரவள்ளித் தோட்டங்களிலும், 1955இல் தொடங்கிய வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரியின் நாற்றுப் பண்ணைகளிலும், தெற்கே குமரி மாவட்டத்து ரப்பர் நாற்றங்கால்களிலும் பணி புரிவோர் கத்தியின்றி ஒரு நாளும் கழிக்க இயலாது. மரவள்ளித் தண்டைக் கரணையாக நறுக்க அரிவாளே போதும். மொட்டு ஒட்டுவது போன்ற நுண்ணிய வேலைக்கோ சிறிய, கூரிய, சட்டைப் பையில் அடங்கும் கத்தி வேண்டும். அதனால்தான் ஒட்டுக்கத்திகள் பெரும்பாலும் மடக்குக் கத்திகளாகவே செய்யப்படுகின்றன. தமிழர் பேனாக்கத்தி என்று சொல்வதையே மலையாளிகளும் பேனாக்கத்தி என்கின்றனர். மொழிபெயர்ப்பாளனுக்கு வேலை வைக்காத சொற்கள் சிலவே உண்டு, அவற்றுள் இதுவும் ஒன்று.

மடங்கும் கத்திக்கு மடங்கும் இடமே பலவீனமான இடம். அலகு பிடியோடு சேருமிடத்தில் ஓர் ஆணி இருக்கிறது. அவ்வாணியைச் சுற்றி அலகு திரும்புகிறது. திறந்த நிலையில் அது திரும்பாதிருக்கச் செய்யும் ஏற்பாடே பூட்டு எனப்படும். எந்தப் பூட்டு நல்லது என்பதில் கத்தி வைத்திருப்போரிடையே கருத்து வேற்றுமை மிகுதி. விருப்பம் அவரவர்க்கு உரியதாயினும், அதற்குரிய காரணங்களை அறிந்து விரும்புவது நலம். தவறான கத்தியைத் தவறான வேலைக்கு எடுத்தால் இழப்பு ஆள்காட்டி விரலுக்கே.

முதலில் விசை எத்திசையில் செயற்படுகிறது என்று பார்ப்போம். வீட்டில் காய் நறுக்கும் அரிவாள்மணைகளில் மடக்கி வைக்கத்தக்கவை உண்டு. அலகு பலகையின்மேல் சாய்ந்து மடங்கும். காயை அதன் வாயில் அழுத்தும்போது அலகு மடங்குவதில்லை. ஏனெனில் நாம் அழுத்துவது அது மடங்கும் திசைக்கு எதிர்த்திசையில். மடக்குக் கத்தியிலும் அவ்வாறே. வாய்ப்புறத்தால் ஒன்றை வெட்டும்போது, வெட்டப்படும் பொருள் திருப்பித் தரும் எதிர்விசை அலகை மேலும் திறக்கவே முயல்கிறது. அடியிலுள்ள தடை அதைத் தாங்கிக்கொள்கிறது. ஆகவே நேராக வெட்டும் வேலை முழுவதற்கும் பூட்டே தேவையில்லை என்று சொன்னாலும் பிழையாகாது.

ஆபத்து வேறிடத்தில் உள்ளது. அலகின் முதுகின்மேல் விசை விழும்போதும், முனையால் குத்தும்போதும், மரத்தில் இறுகிய அலகை அசைத்து இழுக்கும்போதும் அது மடங்க முற்படும். ரப்பர் நாற்றில் மொட்டு ஒட்டும் முறையை நினைத்துப் பாருங்கள். தண்டில் கீறலிட்டு, வழியும் பாலைத் துணியால் துடைத்து, பட்டையை மெல்ல நெம்பி உரிக்க வேண்டும். நெம்புவதற்கென்று பிடியின் மறுமுனையில் எலும்பாலோ பித்தளையாலோ தனி நாக்கு வைத்த கத்திகள் உண்டு. அலகின் முதுகிலேயே சிறு புடைப்பு வைத்தவையும் உண்டு. பின்னதைக் கொண்டு நெம்பும்போது விசை நேராக முதுகிற்குச் செல்கிறது. அவசரத்தில் கத்தி முனையாலேயே நெம்புவோரும் பலர். அப்போது அலகு மடங்கினால், அதன் பாதையில் இருப்பவை பிடியைச் சுற்றிய நான்கு விரல்கள்.

இதில் நெம்புகோல் தத்துவம் நமக்கு எதிராக வேலை செய்கிறது. ஆணியிலிருந்து அலகின் முனை 75 மில்லிமீட்டர் தொலைவிலும், பூட்டின் பல் 6 மில்லிமீட்டர் தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். முனையில் 2 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை முதுகுப்புறமாக விழுந்தால், பல்லின்மேல் விழுவது 2 × 75 ÷ 6, அதாவது 25 கிலோகிராம். பூட்டு சிறியது, அதன்மேல் ஏறும் சுமை பெரியது என்பதை எவரும் எளிதில் உணர்வதில்லை. ஆசிரியர்கள் இதை வகுப்பில் கத்தியின்றியே காட்டலாம். 30 செ.மீ. அடிக்கோலை 5 செ.மீ. குறியில் ஆணியடித்துச் சுழலவிடுங்கள். 25 செ.மீ. குறியில் 100 கிராம் எடையைத் தொங்கவிட்டு, 3 செ.மீ. குறியில் வில்தராசை மாட்டிக் கீழ்நோக்கி இழுத்துக் கோலைக் கிடையாக நிறுத்தச் செய்யுங்கள். தராசு ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேல் காட்டும். சற்று மேல் என்பது கோலின் சொந்த எடையால். மாணவன் தன் கையால் இழுத்துப் பார்த்தால் பாடம் எளிதில் மறவாது.

இனிப் பூட்டுகளின் வகைகளுக்கு வருவோம்.

மிகப் பழையதும் எளியதும், உண்மையில் பூட்டே இல்லாதது. பிடியின் முதுகில் ஒரு எஃகு வில் இருக்கும். அது அலகின் அடியை அழுத்திக்கொண்டிருக்கும். அலகு திறந்தாலும் மூடினாலும் வில்லின் அழுத்தமே அதை நிறுத்துகிறது. இரண்டு விரல்களால் மடக்கிவிடலாம். ஷெஃபீல்டு நகரத்துப் பழைய பேனாக்கத்திகள் இவ்வகையின. 1891இல் கார்ல் எல்ஸ்னர் சுவிட்சர்லாந்துப் படைக்கு வழங்கத் தொடங்கிய கத்தியும், 1897இல் அவர் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியும் இத்தகையனவே. ஒட்டுக்கத்திகளில் பெரும்பாலானவையும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. பென்சில் சீவவும், மொட்டுக் குச்சியிலிருந்து மொட்டைச் சீவியெடுக்கவும், சணல் அறுக்கவும் இது போதும். அழுக்கேறினாலும் இதில் கெடுவதற்கு ஒன்றுமில்லை. இதை நம்பி நெம்பக்கூடாது, அவ்வளவே.

அடுத்தது முதுகுப் பூட்டு. இங்கே பிடியின் முதுகில் இருக்கும் பட்டை நடுவில் ஓர் ஆணியில் ஏற்றம்போல் ஆடும். அதன் முன்முனையில் உள்ள பல், அலகின் அடியில் வெட்டிய பள்ளத்தில் விழுந்து பொருந்தும். பின்முனையை அழுத்தினால் பல் மேலெழும்பும்; அலகு விடுபடும். 1964இல் அமெரிக்காவின் பக் நிறுவனம் வெளியிட்ட 110 என்ற வேட்டைக் கத்தி இவ்வகையைப் பெரிதும் பரப்பியது. எஃகு எஃகின்மேல் நேராகத் தாங்குவதால் இது உறுதியானது. எனினும் பள்ளத்தில் மண்ணோ உறைந்த ரப்பர்ப் பாலோ அடைத்துக்கொண்டால் பல் முழுதும் இறங்காது. பூட்டியது போலத் தோன்றும், பூட்டியிராது. திறக்கும்போது ‘டக்’ என்னும் ஒலி தெளிவாகக் கேட்கிறதா என்று கவனிக்கும் வழக்கம் இக்கத்தி வைத்திருப்போரிடம் வேண்டும். ரப்பர் நாற்றங்காலில் பணிபுரிவோர் மாலையில் அப்பள்ளத்தை மூங்கில் குச்சியால் சுரண்டிவிடுவது நன்று.

வளையப் பூட்டு எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு. ஆனால் நம் நாட்டு மழைக்கு அது பிடிப்பதில்லை. பிரான்சின் சவாய்ப் பகுதியில் ஜோசப் ஒப்பினல் 1890இல் உருவாக்கிய மரப்பிடிக் கத்திக்கு, 1955இல் மார்செல் ஒப்பினல் ஒரு சுழல் வளையத்தைச் சேர்த்தார். பிளவுள்ள அந்த வளையத்தைத் திருப்பினால், பிளவு விலகி, வளையத்தின் உடல் அலகின் பின்னே வந்து வழியை அடைத்துவிடுகிறது. வில்லும் இல்லை, பல்லும் இல்லை. குழந்தைக்குக்கூட விளங்கும் எளிமை. குறை பூட்டில் இல்லை, பிடியில் உள்ளது. மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும். அலகு பிடிக்குள் இறுகிவிடும். சவாய் மக்கள் பிடியின் பின்பகுதியைக் கடினமான ஒன்றில் தட்டி அலகைச் சற்று வெளியே வரச் செய்வார்கள். இடவப்பாதியில், மூன்று நாள் விடாத மழைக்குப் பின், திருவனந்தபுரத்தில் அந்தத் தட்டு பல முறை தேவைப்படும்.

தகட்டுப் பூட்டு தற்காலத்தில் மிகப் பரவலானது. இதன் கருத்து புதியதன்று. அமெரிக்க ராணுவச் செய்தித்தொடர்புப் பிரிவினரின் மின்பணிக் கத்தியில் திருப்புளி அலகு மடங்காதிருக்க இதையே வைத்திருந்தனர். 1980களில் மைக்கேல் வாக்கர் என்னும் கத்தி வினைஞர் இதைத் திருத்தி வெட்டும் அலகுக்கு ஏற்றதாக்கினார். 2008இல் சுவிஸ் படை தேர்ந்தெடுத்த புதிய கத்தியும் பழைய வில்லை விட்டு இப்பூட்டுக்கே மாறியது. பிடியின் உட்புறத் தகட்டில் ஒரு பகுதி வில்லாக வளைந்திருக்கும். அலகு திறந்ததும் அது பக்கவாட்டில் துள்ளி அலகின் அடிக்குப் பின்னே நின்றுகொள்ளும்.

இங்கு ஆசிரியர்களுக்கு இன்னொரு பாடம் உள்ளது. அலகின் அடி நேராக இல்லாமல் சிறிது சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும். கதவுக்கு ஆப்பு வைப்பது போன்றது இது. ஆப்பின் சாய்வு உராய்வுக் கோணத்தைவிடக் குறைந்திருக்கும் வரை அது நழுவாது. சாய்வு 8 பாகை என்று கொண்டால் அதன் டான்ஜென்ட் 0.14. உலர்ந்த எஃகு எஃகின்மேல் உராயும் குணகம் இதனினும் பன்மடங்கு. ஆகவே தகடு நிற்கும். நன்றாக எண்ணெய் தடவிய எஃகிலோ குணகம் ஏறத்தாழ இந்த அளவுக்கே இறங்கிவிடுகிறது. ஆகவே இக்கத்தியில் ஆணிக்கு எண்ணெய் இடலாம். தகடு தொடும் முகத்தைத் துடைத்து உலர்த்திவிட வேண்டும். கேரளத்தில் எதற்கும் தேங்காயெண்ணெய் தடவுவது வழக்கம். கத்திக்கு அது உகந்ததன்று. ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும் எண்ணெய் அது. கடற்கரையில் திரவமாக இருந்தது, பொன்மூடியிலோ மூணாறிலோ குளிர்கால விடியலில் வெண்ணெய்போல் ஆகி வில்லை மந்தமாக்கும். பழையதானால் பிசுக்காகி மண்ணைப் பிடித்து வைக்கும்.

இப்பூட்டைத் திறக்கக் கட்டைவிரலால் தகட்டைத் தள்ள வேண்டும். அப்போது விரல் அலகு மடங்கும் பாதையிலேயே இருக்கிறது. வலக்கைக்கென்று செய்தவை இடக்கைப் பழக்கமுள்ளோருக்கு மேலும் சிரமம். இக்குறை நீங்க, 1998இல் பெஞ்ச்மேட் என்ற அமெரிக்க நிறுவனம் அறிமுகம் செய்த குறுக்காணிப் பூட்டில், பிடிக்குக் குறுக்கே இருபுறமும் நீட்டிய சிறு தண்டு அலகின் அடிமேல் வந்து நிற்கிறது. எக்கையாலும் இழுக்கலாம், விரல் பாதையில் வருவதில்லை. ஆனால் அதைப் பின்னிருந்து தள்ளும் நூல்போன்ற விற்கள் முறிந்தால் பட்டறையில் சரிசெய்வது எளிதன்று.

நம் நாட்டில் பூட்டுள்ள மடக்குக் கத்திக்குப் பேர்பெற்ற ஊர் உத்தரப் பிரதேசத்து ராம்பூர். இந்தித் திரைப்படங்கள் அதற்குக் கெட்ட பெயரையும் சேர்த்துத் தந்துவிட்டன. கத்தி நீளம் பற்றிய சட்டத்தைக் களப்பணியாளர் அறிந்திருத்தல் வேண்டும்: 1962ஆம் ஆண்டுப் படைக்கல விதிகள் 9 அங்குலத்திற்கு மேல் நீளமோ 2 அங்குலத்திற்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைப் படைக்கலமாகக் கொண்டு, வீட்டுக்கும் வேளாண்மைக்கும் அறிவியல், தொழில் வேலைக்கும் என அமைந்தவற்றை விலக்கின. ஒட்டுக்கத்தி அந்த அளவை நெருங்குவதேயில்லை. எனினும் விமானத்தில் செல்வோர் அதைக் கைப்பையில் வைக்கலாகாது.

எதை வாங்குவது என்று கேட்போருக்கு என் விருப்பத்தைச் சொல்லுகிறேன். மேசையில் அமர்ந்து வேலை செய்பவருக்கும் ஆசிரியருக்கும் பூட்டில்லாத பேனாக்கத்தி போதும். பூட்டு இல்லை என்று தெரிந்திருப்பதே ஒருவகை எச்சரிக்கையாகும். மழையிலும் சேற்றிலும் திரிபவருக்கு முதுகுப் பூட்டு. நாள்தோறும் நூற்றுக்கணக்கில் ஒட்டுக் கட்டுபவருக்கு மடங்காத கத்தியும் ஓர் உறையும். பட்டையை நெம்ப வேண்டியிருக்கும்வரை இதற்கு ஈடான பூட்டு இல்லை. சைக்கிளில் செல்லும்போது உறை இடுப்பில் குத்துகிறது என்னும் குறைபாடு நியாயமானதே. அவர்கள் மடக்குக் கத்தியையே விரும்பினால், பிடியின் மறுமுனையில் தனி நாக்கு உள்ளதாகப் பார்த்து வாங்கட்டும்.

கடையில் பூட்டைச் சோதிக்க அலகின் முதுகைப் பலமாக அடித்துப் பார்ப்போர் உண்டு. அது வேண்டாம்; நல்ல பூட்டும் கெடும். விரல்களைப் பிடியின் அடியில் மடக்காமல், இருபக்கமும் மட்டும் பற்றிக்கொண்டு, அலகின் முதுகை மரப்பலகையின் ஓரத்தில் வைத்துப் படிப்படியாக அழுத்துங்கள். அலகு அசைந்தாலோ, பூட்டு சிறிது விலகினாலோ அக்கத்தியை வாங்க வேண்டாம். பின்பு அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆணி தளர்ந்திருந்தால் பூட்டும் தன் இடத்தில் சரியாக அமராது. வாங்கியபின் மாதம் ஒருமுறை இச்சோதனையைத் திரும்பச் செய்யலாம்; மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை.