டனிடின் நகரின் ராக் இசை

கேள்வி: பெரிய நிறுவனங்களின் துணையின்றி, ரசிகர்களின் ஆர்வத்தாலேயே ஓர் ஊரின் ராக் இசை வளர்ந்ததுண்டா?

பதில்: நியூசிலாந்தின் தென் தீவிலுள்ள டனிடின் இதற்கு அருமையான சான்று. ஒடாகோ பல்கலைக்கழகம் இருப்பதால் அது மாணவர்கள் நிறைந்த ஊர். தி கிளீன், தி சில்ஸ், தி வெர்லெய்ன்ஸ் போன்ற குழுக்களுக்கு முதலில் கிடைத்த கூட்டம் பெரும்பாலும் அந்த இளைஞர்கள்தான்.

1981இல் கிறைஸ்ட்சர்ச் நகரின் இசைத்தட்டுக் கடை ஒன்றில் வேலை பார்த்த ரோஜர் ஷெப்பர்ட், ஃப்ளையிங் நன் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனம் வெளியிட்ட, சில பத்து டாலர் செலவில் பதிவான தி கிளீன் குழுவின் 'டாலி ஹோ' பாடல் நாட்டின் விற்பனைப் பட்டியலில் 19ஆம் இடம் பிடித்தது. அடுத்து வந்த 'பூடில் பூடில் பூடில்' வெறும் நான்கு தடப் பதிவுக்கருவியில் உருவானது. அது 5ஆம் இடம்வரை ஏறியது. வணிக வானொலிகள் பெரிதாகக் கண்டுகொள்ளாத இசைக்கு இது வியக்கத்தக்க வெற்றி. கச்சேரியில் கேட்டவர்களே கடைக்குப் போய்த் தட்டு வாங்கினார்கள். பிறருக்கும் கேட்கக் கொடுத்தார்கள். பின்னர் மாணவர் வானொலிகளும் கைகொடுத்தன. 1990இல் தி சில்ஸின் 'ஹெவன்லி பாப் ஹிட்' அந்நாட்டில் 2ஆம் இடத்தை எட்டியது. அமெரிக்காவின் யோ லா டெங்கோ போன்ற குழுக்களும் இந்த இசைக்கு ரசிகர்களாயின.