மன்னார் வானில் திசையறிதல்: துருவ நட்சத்திரமும் கோள்களும்

மாணவர்களே,

அகலக்கோடு, திசையறிதல், ஞாயிற்றுத் தொகுதி ஆகிய பாடப்பகுதிகளைப் பலர் மனனம் செய்தே எழுதுகின்றனர். வினா சற்று மாறி வந்தால் தடுமாறுகின்றனர். மன்னார்க் கடற்கரையில் ஓர் இரவு நின்று அவதானித்தவருக்கு இந்தத் தடுமாற்றம் வராது. தொலைகாட்டி தேவையில்லை. நிலவும் முகிலும் இல்லாத இரவும் வெறுங்கண்ணும் போதும்.

1. துருவ நட்சத்திரம்

புவி தன் அச்சில் மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கின்றது. ஆகவே விண்மீன்கள் கிழக்கில் உதித்து மேற்கில் மறைவதுபோல் தோன்றுகின்றன. புவியச்சின் வடமுனை வானில் சுட்டும் புள்ளியிலிருந்து ஒரு பாகைக்கும் குறைந்த தூரத்தில் இருப்பதால், துருவ நட்சத்திரம் மட்டும் ஏறத்தாழ அசையாமல் நிற்கின்றது.

நினைவில் வைக்க: அடிவானத்திலிருந்து துருவ நட்சத்திரத்தின் உயரக்கோணம், அவதானிப்பவர் நிற்கும் இடத்தின் வட அகலக்கோட்டுக்கு ஏறத்தாழச் சமனாகும்.

தேவேந்திரமுனை – 6 பாகை
மன்னார் – 9 பாகை
இலண்டன் – 51½ பாகை
வடமுனை – 90 பாகை (நேர் உச்சியில்)

கையை முழுதாக நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால், முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகையாகும். பேசாலைக் கரையில் வடக்கே பாக்கு விரிகுடாவைப் பார்த்து நில்லுங்கள். கடலின் விளிம்பிலிருந்து ஒரு முட்டிக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் துருவ நட்சத்திரம் தெரியும். மிகத் தாழ்வாக இருப்பதால் கடற்புகார் உள்ள இரவில் அது மறைந்துவிடும்.

கவனிக்க: "வானில் மிகப் பிரகாசமானது துருவ நட்சத்திரம்" என்று எழுதுவது பிழை. அது நடுத்தர ஒளியுடையது. இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீன் சிரியஸ் ஆகும்.

2. சப்தரிஷியும் தென்சிலுவையும்

பெருங்கரடி உடுத்தொகுதியில் அகப்பை வடிவில் தெரியும் ஏழு விண்மீன்களையே சப்தரிஷி மண்டலம் என்கிறோம். மே மாத நடுப்பகுதியில் இரவு 9 மணியளவில் அது வடக்கே நாலு முட்டி உயரத்துக்கும் மேலே நிற்கும். அகப்பையின் வாய்ப்புற விளிம்பிலுள்ள இரு விண்மீன்களை ஒரு கோட்டால் இணைத்து, அவற்றுக்கு இடைப்பட்ட தூரத்தைப் போல் ஐந்து மடங்கு கடலை நோக்கி நீட்டினால் துருவ நட்சத்திரம் வரும்.

அதே நேரத்தில் தெற்கே திரும்புங்கள். தாழ்வுபாட்டுக் கரையில் நின்றால் மன்னார் வளைகுடாவுக்கு மேலே, இரண்டு முட்டி உயரத்தில் தென்சிலுவை நிற்கும். அதன் நீண்ட தண்டு தெற்கைச் சுட்டும். வானின் தென்துருவப் புள்ளியோ நமக்கு அடிவானத்துக்குக் கீழே 9 பாகையில் உள்ளது. எனவே அதை நாம் காண முடியாது.

இலண்டனில் உள்ளவர் தென்சிலுவையை ஒருபோதும் காண்பதில்லை. மத்திய கோட்டுக்கு அருகே வாழும் நமக்கு இரண்டும் ஒரே இரவில் கிடைக்கின்றன.

3. நூலில் உள்ளதைச் சோதித்தல்

உரோம எழுத்தாளர் பிளினி கி.பி. 77 அளவில் எழுதிய இயற்கை வரலாறு என்னும் நூலில், தப்ரபேன் என்ற பெயரில் இலங்கையைப் பற்றிக் குறிப்பிடுகின்றார். இத்தீவின் மாலுமிகள் விண்மீன்களைப் பார்த்துக் கப்பல் ஓட்டுவதில்லை, பெருங்கரடி இங்கு தெரிவதில்லை, பறவைகளைப் பறக்கவிட்டே கரையை அறிகின்றனர் என்கிறார். குளோடியஸ் பேரரசன் காலத்தில் உரோமுக்குச் சென்ற இலங்கைத் தூதுவர் பெருங்கரடியையும் கார்த்திகை விண்மீன்களையும் கண்டு வியந்தனர் என்றும் எழுதியுள்ளார்.

இது சரியா? பிளினி இலங்கைக்கு வந்ததில்லை, கேட்டதையே எழுதினார். திருக்கேதீச்சரத்தின் அருகே மாந்தைத் துறைமுகம் இருந்த கரையில் இன்று நின்று பார்த்தால் பெருங்கரடி நன்றாகவே தெரியும். கார்த்திகை நம் உச்சிக்கு அருகால் செல்லும். புவியச்சின் திசை மிக மெதுவாக மாறுவதால், பிளினி காலத்தில் வடதுருவப் புள்ளிக்கு அருகில் இன்றைய துருவ நட்சத்திரம் இருக்கவில்லை. ஆயினும் சப்தரிஷி அன்றும் இங்கு அடிவானத்துக்கு மேலே நன்கு எழுந்தது. ஆகவே விண்மீன்கள் பற்றிய இக்கூற்று தவறானது. பழைய நூல் என்பதற்காக மட்டும் ஒரு கூற்றை ஏற்கக் கூடாது. வரலாற்றுப் பாடத்துக்கும் இது பொருந்தும்.

4. கோள்களை இனங்காணல்

வெறுங்கண்ணுக்கு எளிதில் தெரியும் கோள்கள் ஐந்து: புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி.

(அ) விண்மீன்கள் மினுங்கும். கோள்கள் பெரும்பாலும் நிலையான ஒளியுடன் தெரியும்.
(ஆ) கோள்கள் சூரியன் செல்லும் பாதையை ஒட்டியே காணப்படும். எனவே நேர் வடக்கே, கடலுக்குச் சற்று மேலே தெரிவது கோள் அன்று.
(இ) வெள்ளி சூரியனிலிருந்து 47 பாகைக்கு மேல் விலகித் தோன்றாது. ஆகவே மன்னாரில் அதை நள்ளிரவில் காண முடியாது. மாலையில் மேற்கிலோ, விடியுமுன் கிழக்கிலோ காணலாம். விடியுமுன் தெரிவதையே விடிவெள்ளி என்கிறோம்.
(ஈ) கோள்கள் விண்மீன்களிடையே இடம் மாறும். வியாழன் ஏறத்தாழ 12 ஆண்டுகளிலும் சனி ஏறத்தாழ 29½ ஆண்டுகளிலும் சூரியனைச் சுற்றி வருகின்றன. பஞ்சாங்கத்தில் குருப்பெயர்ச்சி சுமார் ஓர் ஆண்டுக்கு ஒருமுறையும் சனிப்பெயர்ச்சி சுமார் 2½ ஆண்டுக்கு ஒருமுறையும் வருவதன் காரணம் இதுவே.

5. மாதிரி வினாக்கள்

வினா 1: துருவ நட்சத்திரத்தின் உயரக்கோணம் தேவேந்திரமுனையில் 6 பாகை, மன்னாரில் 9 பாகை. இவ்விரு இடங்களின் அகலக்கோடுகளுக்கு இடையிலான வடக்குத் தெற்குத் தூரம் யாது? (1 பாகை = 111 கி.மீ.)
விடை: 9 – 6 = 3 பாகை. 3 × 111 = 333 கி.மீ.

வினா 2: மத்திய கோட்டுக்குத் தெற்கேயுள்ள அவுஸ்திரேலியாவில் துருவ நட்சத்திரத்தைக் கொண்டு திசையறிய முடியாதது ஏன்?
விடை: அங்கு அது அடிவானத்துக்குக் கீழே இருப்பதனால்.

செயற்பாடு: அடுத்த அமாவாசையை ஒட்டிய மூன்று இரவுகளில், பெரியவர் ஒருவரின் துணையுடன் கரைக்குச் சென்று துருவ நட்சத்திரத்தைத் தேடுங்கள். திகதி, நேரம், முட்டியால் அளந்த உயரம் ஆகியவற்றைக் கொப்பியில் குறியுங்கள். உங்கள் அளவீடு 9 பாகையிலிருந்து வேறுபட்டால் அதற்கான காரணத்தையும் எழுதுங்கள். பரீட்சையில் விளக்கம் கேட்கும் வினாவுக்கு இந்தக் குறிப்பு உங்களுக்கு உதவும்.